பிக்ஸட் கியரா, ஃப்ரீவீலா?

ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஏமாந்து ஒரு சைக்கிளை வாங்கிவிட்டேன்: 21 கியர், முன்னால் கனமான சஸ்பென்ஷன். நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குத் தினமும் போய்வர எனக்கு வேண்டியது எளிய வண்டி. திருப்பி அனுப்பும் நாளும் கடந்துவிட்டது. சரி, இதையே ஒற்றைக் கியராக மாற்றலாம் என்றால் இரண்டு வழி இருக்கிறது.

பிக்ஸட் கியரில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். சாலையோடு காலுக்குக் கிடைக்கும் அந்தப் பிடிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் என் ஃபிரேமில் பின் அச்சு உட்காரும் வெட்டு செங்குத்தானது, சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க வழியில்லை, ஸ்பிரிங் டென்ஷனர் (செயினைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கும் கருவி) போட்டாலோ காலால் பின்னோக்கி அழுத்தும்போது செயினின் கீழ்ப்பக்கம் இறுகி அதை உடைத்துவிடும். பிக்ஸட் கியருக்கான பின்சக்கர மையம், அதாவது டிராக் ஹப், பொதுவாக 120 மி.மீ. அகலம்; என் வண்டியில் அந்த இடைவெளி 135. அப்புறம் புதுச் சக்கரமே கட்ட வேண்டும்.

ஃப்ரீவீலில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றும்; அதற்கு அதே டென்ஷனர் போதும். மலிவும்கூட. வில்லுக்குறி வழியாக ஏறி இறங்கும்போது இறக்கத்தில் காலுக்கு ஓய்வும் கிடைக்கும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழியிலிருந்து திரும்பினால் எதிர்க்காற்றில் இரண்டுமே சிரமம்தான், அதனால் பின்னால் கொஞ்சம் பெரிய பல்சக்கரமாகப் போடுங்கள்.

நான் ஃப்ரீவீலுக்கே போகிறேன். பிக்ஸட் ஆசைக்குக் பின் அச்சு வெட்டு கிடையாக உள்ள பழைய ஃபிரேம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.