மணிக்கு 350ஆ, காத்திருப்போடு 280ஆ?

சீசன் தொடங்க முதலே திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் ஆள் தேடுவார்கள். இந்த முறை எனக்கு இரண்டு இடத்தில் இருந்து கோல் வந்தது. ஒன்றில் மணிக்கு 350 ரூபா, செய்த வேலைக்கு மட்டும். மற்றதில் 280, ஆனால் கூப்பிட்டால் ஆகக் குறைந்தது 4 மணித்தியாலச் சம்பளம், ‘நில்லுங்க’ என்று மறித்து வைத்தால் அந்த நேரத்துக்குப் பாதிக் காசு. நான் 280க்குப் போனேன். வீட்டில் ‘உனக்கென்ன விசரா’ என்றார்கள்.

சாப்பாடு, டிப்ஸ் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான்.

கணக்கைப் புரட்டுவது இடையில் கிடக்கும் நேரம். கடல் அமைதியாக இருக்கும்போதே, விடிய, வெள்ளைக்காரர் புறாத்தீவுக்கு போட் ஏறிவிடுவார்கள். பகல் வந்து சாப்பிட்டால், பிறகு பொழுதுபடும்வரை மேசை காலி. எங்களுக்கு வேலை 11 முதல் 2 வரை, பிறகு 6 முதல் 9 வரை. டவுன் 15 கிலோமீட்டர் போல. போய் வரவே நேரம் சரி. போன வருடம் வேறொரு இடத்தில் அந்த 4 மணித்தியாலமும் குசினிக்குப் பின்னால், காலி காஸ் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில், சப்பாத்தைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். அது ஓய்வாம். ‘தம்பி, இந்த ஐஸ் பெட்டியை ஒருக்கா பிடிங்க’ என்று இரண்டு தரமாவது எழுப்புவார்கள். அதற்குச் சதமும் இல்லை.

அப்படியொரு நாளுக்கு 350 படி 2100. 280 படி வேலைக்கு 1680, காத்திருப்புக்கு 560, மொத்தம் 2240. இரண்டே மணித்தியாலத்துக்குக் கூப்பிட்டால் 700, மற்றதில் 1120. 2026 ஜனவரியில் இருந்து தேசியக் குறைந்தபட்ச நாட்சம்பளமே 1200 ரூபா. 700ஐ வாங்கி பஸ் காசும் கொடுத்தால் மிச்சம் என்ன?

இடைவெளி இல்லாமல் 8 மணித்தியாலம் ஓடினால் 350தான் வெல்லும், 560 ரூபா கூட. அதையும் சொல்லத்தான் வேண்டும். மாரி காலத்தில் 280காரர் எத்தனை நாள் கூப்பிடுவார்கள் என்பதை இனித்தான் பார்க்கப் போகிறேன்.

ஊழியர் சேமலாப நிதியையும் (EPF) கேட்டுக்கொள்ளுங்கள். நாட்கூலிக்கும் அது உண்டு. முதலாளி பங்கு சம்பளத்தில் 12 வீதம், எங்களுடையது 8.

ஒரு சிக்கல்: ‘நில்லுங்க’ என்று வாயால் சொல்லாமல் கையால் காட்டிவிட்டுப் போவார்கள். அதனால் மறித்த நேரத்தைக் கொப்பியில் எழுதி சூப்பர்வைசரிடம் சைன் வாங்குகிறேன். முதல் கிழமை சிரித்தார். இப்போது பேசாமல் போடுகிறார்.