பச்சைக் கோழி வெட்ட மரப்பலகையா, பிளாஸ்டிக் பலகையா?

பச்சைக் கோழியில் கேம்பிலோபாக்டர் கிருமி இருப்பது சர்வசாதாரணம். சில நூறு கிருமிகள் உள்ளே போனாலே 2 முதல் 5 நாளில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரலாம். வேகும்போது அது செத்துவிடும். வம்பு, அதே பலகையில் அடுத்து நறுக்கும் வெள்ளரிக்காயில்தான். அது வேகாமலே தட்டுக்கு வருகிறது.

கழுவ: பிளாஸ்டிக் சுலபம். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடலாம். மரம் அதில் விரிசல் விடும்.

காய: இங்கே மரம் ஜெயிக்கிறது. ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதோடு போன கிருமிகள் பெரும்பாலும் மேலே வராமல் காய்ந்து சாகும். கேம்பிலோபாக்டருக்கு உலர்வு ஆகவே ஆகாது. சால்மோனெல்லா என்ற இன்னொரு கிருமி இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டி.

உழைப்பு: பிளாஸ்டிக்கில் கத்திக்கீறல் விரல் நுனிக்குச் சொரசொரவென்று தட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான், அந்தக் கீறலுக்குள் தேய்ப்பான் போகாது. மரத்தை உப்புத்தாளால் தேய்த்துப் புதுசாக்கலாம்.

விலை: பிளாஸ்டிக் மலிவு.

சரி, எதை வாங்குவது? பச்சை இறைச்சிக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக். காய், பழம், ரொட்டிக்கு மரம். ஒன்றுதான் முடியும் என்றால் பிளாஸ்டிக்கே போதும். காயை முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் கோழியைத் தொடுங்கள்.