காட்டில் படிக்கும் முன்பள்ளிக் கல்வி: துரொன்ட்ஹெய்ம் கற்கைநெறி பற்றிய ஒரு மதிப்பீடு

நோர்வேயில் முன்பள்ளி ஆசிரியராக மூன்று வருடம், 180 கல்விப் புள்ளிகள் படிக்கவேண்டும். பல கல்லூரிகள் படிப்பிக்கின்றன. துரொன்ட்ஹெய்மின் துரோனிங் மௌட்ஸ் மின்னே கல்லூரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அந்தக் கல்லூரி முழுவதுமே சிறுபிள்ளைக் கல்விக்கானது. இயற்கை, வெளிப்புற வாழ்வு என்ற பக்கம் சாய்ந்து படிக்கவும் இடமுண்டு. மலையேறப் பழகலாம் என்று சேருபவர்கள் ஏமாறுவார்கள். பிள்ளையைப் பொறுமையாகக் கவனிக்கப் பழகுவதுதான் இங்கே பெரும் பாடம்.

துணிகர விளையாட்டு பற்றிய ஆய்வுக்குப் பெயர்பெற்ற எலன் பியாத்தே ஹான்சன் சான்ட்செத்தர் இங்கே பேராசிரியர். உயரம், வேகம், ஆபத்தான கருவி, நெருப்பு நீர் போன்றவற்றின் அருகாமை, கட்டிப்புரளல், பெரியவர் கண்ணில் படாமல் திரிதல் என 2007இல் ஆறு வகை பிரித்தார். எங்கள் வீடுகளில் "ஏறாதை, விழுந்திடுவாய்" என்ற ஒரே அதட்டலில் இந்த ஆறும் அடங்கிவிடும். மாணவர் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். கிளையின் உயரம் பிள்ளைக்கே தெரியும், அதை அதுவே அளந்துகொள்ளும். கிளை உள்ளே உக்கியிருப்பது அதற்குத் தெரியாது. அதைத் தேடிப்பார்ப்பது பெரியவர் வேலை.

கத்தி வேலையைப் பாருங்கள். விரல் வழுக்காமல் தடுப்பு வைத்த சிறு கத்தி, இருந்தபடி மட்டும் சீவல், வெட்டு உடம்புக்கு வெளிப்புறமாக, எழும்புமுன் கத்தி உறைக்குள். ஒரு பெரியவருக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். மொட்டைக் கத்தி பாதுகாப்பு என்று நினைப்பது பிழை. அதை அழுத்தித் தள்ளவேண்டியிருப்பதால்தான் சறுக்குகிறது. பச்சை மரம் சீவ இலகு, ஆனால் காணிக்காரரின் அனுமதியில்லாமல் உயிர்மரத்தில் கைவைக்க முடியாது. நெருப்புக்கும் சட்டம் உண்டு: ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை அண்டியும் தீ மூட்டப் பொதுத்தடை. வருடத் திட்டம் எழுதும்போது இதை மறந்தால் திட்டமே கவிழும்.

செடி அடையாளம் காண்பதில் மெத்தனம் கூடாது. வசந்தத்தில் ராம்ஸ்லோக் என்ற காட்டுப்பூண்டு இலை பறிப்பார்கள். நஞ்சுள்ள லில்யகொன்வால் இலையும் அதே சாயல். கசக்கி மணந்தால் பூண்டு வாசம் வரும் என்பது முதல் இலைக்குச் சரி. அதன்பிறகு கைமுழுக்கப் பூண்டு வாசம், எந்த இலையும் மணக்கும். ஆகவே காம்பைப் பார்க்கவேண்டும்: காட்டுப்பூண்டின் ஒவ்வொரு இலையும் தனிக் காம்பில் மண்ணிலிருந்து வரும், மற்றதில் ஒரே தண்டைச் சுற்றி இரண்டு இலைகள்.

நேரடிப் பயிற்சி, பெரும்பாலும் முன்பள்ளியில், குறைந்தது 100 நாள். படிப்பின் உயிர் இதுதான். டிசம்பரில் துரொன்ட்ஹெய்மில் சூரிய வெளிச்சம் நாலரை மணித்தியாலம் மட்டுமே, காலைப் பயணம் இருட்டில்தான் தொடங்கும். உடலோடு ஒட்டும் உடை கம்பளியாக இருக்கட்டும்; பருத்தி நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துக் குளிரவைக்கும். றப்பர் சப்பாத்து ஓரளவு பெரிதாக எடுங்கள். இறுக்கமானால் காற்றுக்கு இடமில்லாமல் கால் விறைக்கும். மழை உடுப்பின் கை, கையுறைக்கு மேலே வரவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நேரே உள்ளே வழியும். பயிற்சியில் வரும் பெரிய பிழை, மணிக்கணக்குப்படி செயற்பாடுகளை அடுக்குவது. பிள்ளைகள் ஒரு குட்டையோடு ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். அங்கே இழுத்துக்கொண்டு போகாமல், என்ன கேட்கிறார்கள், எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்று குறித்துவைப்பதே வேலை.

குறை என்றால் மொழிச் சுமை. அவதானிப்புக் குறிப்பும் இறுதி ஆய்வும் நோர்வேஜிய மொழியில் எழுதவேண்டும். முன்பள்ளியில் உதவியாளராக வேலைசெய்யும் எங்கள் ஆட்களுக்குப் பேச்சு கைவந்திருக்கும், எழுத்துத்தான் தடக்கும். சேருவதற்கு முந்தின வருடமே தினம் பத்து வரியாவது எழுதிப் பழகினால் நல்லது.

விண்ணப்பம் சாமொர்ட்னா ஒப்தாக் என்ற, உயர்கல்விக்கான நாடளாவிய பொது அனுமதிச் சேவை வழியாக. பொதுக் கடைசித் திகதி ஏப்ரல் 15. வெளிநாட்டுக் கல்விச் சான்றிதழோடு விண்ணப்பிப்பவர்களுக்கு மார்ச் 1. பயிற்சிக்குப் பொலிஸ் சான்றிதழ் தேவை, வரச் சுணங்கும், நேரத்தோடு கேளுங்கள்.