30 அங்குல பேஸா, 34 அங்குல பேஸா?

முதல் பேஸ் கிட்டார் வாங்குகிறவர்கள் தடுமாறும் இடம் இது. இங்கே அங்குலக் கணக்கு என்பது நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி தங்கும் பட்டை) பிரிட்ஜ் வரை (உடலில் கம்பியைத் தாங்கும் பகுதி) கம்பி அதிரும் நீளம்.

விரல் எட்டுவது: 30-இல் முதல் நான்கு ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) விரல்கள் எளிதாக விரியும். 34-இல் ஆரம்பத்தில் கை இழுக்கும். மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்தே அழுத்திப் பழகினால் சரியாகிவிடும்.

ஒலி: ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் 34-இல் இறுக்கம் அதிகம், தடித்த ஈ (E) கம்பி தெளிவாகப் பேசும். 30-இல் மெத்தென்ற ஒலி. கம்பி தளர்வாக இருப்பதால் பலமாக மீட்டினால் ஃப்ரெட்டில் உரசி இரையும். ஆக்‌ஷனை, அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை, சற்று உயர்த்தலாம். அதற்கு முன்னால், மீட்டும் கையை மென்மையாக்கிப் பாருங்கள்.

கம்பி மாற்றுவது: 34-க்குச் சுலபம். 30-க்கு அளவு சொல்லிக் கேட்க வேண்டும்.

சிறுவர்களுக்கும் சிறிய கைக்கும் 30. மற்றவர்களுக்கு, 1951-இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் கொண்டுவந்த அந்த 34-தான்.