முழு ஓய்வா, சீனியர் நிலையா?

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதிக்குக் கட்டாய ஓய்வு வயது கிடையாது. ஆனால் 65 வயதாகி, 15 ஆண்டுப் பணியும் முடிந்திருந்தால் இரண்டு வழி உண்டு.

முழு ஓய்வு எடுத்தால் கடைசிச் சம்பளம் ஆயுள் முழுக்க வரும், வக்கீல் தொழிலுக்கும் திரும்பலாம். சிகாகோவின் ரிச்சர்ட் போஸ்னர் 2017-இல் இப்படித்தான் சட்டென்று கிளம்பினார்.

சீனியர் நிலையில் பதவி போகாது. வழக்குச் சுமை குறையும், கால் பங்கு வேலையாவது பார்த்தால் ஊதிய உயர்வும் உண்டு. கான்சஸின் வெஸ்லி பிரவுன் 1979-இல் இதற்கு மாறி, 2012-இல் 104 வயதில் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்தார். மனிதருக்கு அலுக்கவே இல்லை போலும்!

எப்படிப் போனாலும் காலியிடத்தை அப்போதைய அதிபர்தான் நிரப்புவார். அதனால் வெள்ளை மாளிகையில் யார் என்று பார்த்து நாள் குறிப்பவர்களும் உண்டு.