200, 800, 1600 மணித்தியாலம்: மலையகத்திலிருந்து எந்தப் பயிற்சிக்குப் போவது?

முதலில் மணித்தியாலக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். யோகா ஆசிரியராகப் பதிவு செய்துகொள்ளப் பெரும்பாலான இடங்களில் கேட்கும் அடிப்படைப் பயிற்சி 200 மணித்தியாலம். ஃபெல்டன்கிராய்ஸ் முறையில் ஆசிரியராக ஏறக்குறைய 800. அலெக்சாண்டர் நுட்பத்துக்கு 1600. மூன்றுமே தன் உடம்பைத் தானே கவனிக்கக் கற்றுத்தரும் வழிகள்தான். ஆனால் ஒரு மாதத்தில் முடிகிற படிப்பையும் மூன்று வருடம் ஓடுகிற படிப்பையும் 'சான்றிதழ்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து "எதுக்குப் போகலாம் டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். சிலருக்கு எல்லவிலோ நுவரெலியாவிலோ ஹோட்டல் வேலை மனதில் இருக்கிறது. சிலர் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறவர்கள். இன்னும் சிலருக்கு, என்னைப் போல, காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த அம்மா. இந்தக் கடைசிக் கூட்டத்தை நினைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் என் தீர்ப்பு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்.

அம்மாவின் கழுத்தைப் பற்றிச் சொன்னால்தான் நான் எதை வைத்து அளக்கிறேன் என்று விளங்கும். கூடைக் கயிறு உச்சிக்குச் சற்று முன்னால் பதியும். பாரம் ஏற ஏறத் தலை முன்னுக்குப் போகும், பின்கழுத்து இறுகும், மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும். இப்போது பல தோட்டங்களில் கூடை போய்ச் சாக்குப் பை வந்துவிட்டது, இழுவை அதே இடத்தில்தான். ஒரு பேர் போட, அதாவது முழு நாட்சம்பளம் கிடைக்க, தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18, 20 கிலோ பறிக்க வேண்டும். அம்மா வேலையை விட்டு நாலு வருடமாகியும், வெறுந்தலையோடு கடைக்குப் போகும்போதுகூட, அவர் கழுத்து கூடை சுமந்துகொண்டுதான் இருந்தது. கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிவதற்கு முன்பே தோள் இரண்டும் காதை நோக்கி ஏறிவிடும். இப்படி ஒரு உடம்புக்கு நான் என்ன கற்றுக்கொடுக்க முடியும் என்பதுதான் என் கேள்வி.

யோகா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொழும்பில் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் சுவாமி விவேகானந்தா கலாசார நிலையத்தில் வகுப்பு உண்டு. இந்தியாவுக்குப் போனால் ரிஷிகேஷ், மைசூர், பெங்களூர் என்று தெரிவுகளுக்குக் குறைவில்லை. தமிழில் கற்கலாம், தமிழில் கற்பிக்கலாம். 'யோகா' என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைக்கும் தெரியும், விளக்கம் சொல்லி ஆள் சேர்க்கத் தேவையில்லை. சுற்றுலா ஹோட்டல்கள் கேட்பதும் இந்த 200 மணித்தியாலச் சான்றிதழைத்தான். ஆகவே உடனே சம்பாதிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களிடம் வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தச் சான்றிதழ் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் 1999இல் தொடங்கியது. அது பள்ளிகளைப் பதிவு செய்கிறது, பதிவான பள்ளியில் படித்தவரைப் பட்டியலில் சேர்க்கிறது. உங்களை நேரில் உட்காரவைத்துப் பரீட்சை எடுப்பதில்லை. பள்ளி நல்லதென்றால் சான்றிதழ் நல்லது, அவ்வளவுதான். இந்தியாவில் பாரம்பரிய மருத்துவத்துக்கான ஆயுஷ் அமைச்சின் கீழ் 2018இல் வந்த யோகா சான்றிதழ் வாரியம் வேறு மாதிரி: எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டும் உண்டு. படிப்படியாகவும் ஏறலாம், 200 மணித்தியாலத்தில் தொடங்கி 400, 800 என்று. ஹோட்டல் வேலைக்கு யோகா அலையன்ஸ் பெயர் உதவும். நம் ஊரில் கற்பிக்க நினைக்கிறவர்களுக்கு ஆயுஷ் வழிதான் உறுதி என்பது என் எண்ணம்.

நான் 200 மணித்தியாலத்தை 28 நாளில் முடித்தவள். காலை ஐந்தரைக்குத் தொடங்கி இரவு எட்டு வரை. இரண்டாவது வாரம் தாமரை ஆசனத்தில் என் வலது முழங்காலை ஒருவர் கையால் அழுத்தி இறக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அப்புறம் ஐந்து மாதம் மாடிப்படி ஏற முடியவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது வேறொன்று. அந்த 28 நாளில் ஒரு தடவைகூட "இப்போது முழங்காலில் என்ன தெரிகிறது?" என்று யாரும் கேட்கவில்லை. ஆசனத்தின் பெயர், அதன் பயன், எத்தனை மூச்சு என்பதெல்லாம் சொன்னார்கள். யோகாவின் குறை இது என்று சொல்லவரவில்லை. பி.கே.எஸ். ஐயங்காரின் யோகா வழியில் பெல்ட், கட்டை, நாற்காலி வைத்து எலும்பு எலும்பாகக் கவனிக்கச் சொல்வார்கள், ஆசிரியராவதற்கே வருடக்கணக்கில் பயில வேண்டும். அவசரமாகச் சுருக்கிய பயிற்சியில் முதலில் கழன்றுவிழுவது இந்தக் கவனிப்புதான்.

அலெக்சாண்டர் நுட்பத்துக்கு வருவோம். 1869இல் தாஸ்மேனியாவில் பிறந்த ஃபிரடெரிக் மத்தயாஸ் அலெக்சாண்டர் மேடையில் வசனம் ஒப்பிக்கும் கலைஞர். மேடையில் குரல் அடைத்துக்கொண்டே இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று மாதக்கணக்கில் தன்னைப் பார்த்தார். பேச வாயெடுத்ததுமே தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை அமுக்குவது கண்ணில் பட்டது. அந்தப் பழக்கத்தை நிறுத்துவதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த நுட்பம். 1931இல் இலண்டனில் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். 1958இல் அங்கேயே ஆசிரியர் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தின் பயிற்சிதான் மூன்று வருடம், 1600 மணித்தியாலம். ஓர் ஆசிரியருக்கு ஐந்து மாணவருக்கு மேல் இருக்கக்கூடாது.

கண்டிக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு ஆசிரியையிடம் மூன்று பாடம் எடுத்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னார், எழும்பச் சொன்னார். அரை மணித்தியாலம் முழுக்க அதுதான். எழும்ப நினைத்த அந்தக் கணத்தில் என் கழுத்து சுருங்குவதை அவருடைய விரல் என்னைவிட முன்பே பிடித்துவிட்டது. "நிறுத்துங்கள், இன்னும் எழும்ப வேண்டாம்" என்றார். நான்காவது தடவை கழுத்து சும்மா இருந்தது, நான் எழும்பியிருந்தேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவுக்குத் தேவைப்படுவது இதுதான் என்று அன்றைக்கே தோன்றியது. தலைக்கும் கழுத்துக்கும் உள்ள உறவை மையத்தில் வைத்த முறை இந்த மூன்றில் இது ஒன்றுதான். ஆதாரமும் இருக்கிறது: 2008இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வில் நாட்பட்ட முதுகுவலியுள்ள 579 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். 24 பாடம் எடுத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் வலி நாட்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

அப்படியென்றால் ஏன் அதற்குப் போகச் சொல்லவில்லை? வாரத்தில் நாலைந்து நாள், ஒரே ஊரில், மூன்று வருடம் இருக்க வேண்டும். அதாவது வேலையை விட்டு, வெளிநாட்டில் குடியிருந்து படிக்க வேண்டும். அப்புறம் இது பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்று கையால் கொடுக்கும் பாடம். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் தனிப்பாடத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? இலண்டனிலோ மெல்பேர்னிலோ ஏற்கெனவே உறவினர் வீட்டில் இருக்கிறவர்கள், தயவுசெய்து இதற்குப் போங்கள். ஊருக்கு வரும்போது எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

மீதி ஃபெல்டன்கிராய்ஸ். என் மனம் இருப்பது இங்கேதான். மோஷே ஃபெல்டன்கிராய்ஸ் 1904இல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். பாரிஸில் ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் வேலை செய்த இயற்பியலாளர், ஜூடோவில் கறுப்புப் பட்டி எடுத்தவர். கால்பந்தில் அடிபட்ட முழங்காலைத் தானே சரிக்கட்டப்போய், அசைவை எப்படிக் கற்கிறோம் என்ற கேள்விக்குள் இறங்கினார். இவருடைய முறையில் இரண்டு கிளை. ஒன்று கூட்டமாகத் தரையில் படுத்துச் செய்யும் பாடம், ஆசிரியர் வாயால் சொல்லச் சொல்ல நாம் மெதுவாக அசைவோம். மற்றது கையால் தொட்டுச் செய்யும் தனிப்பாடம்.

பயிற்சி மூன்று நான்கு வருடத்தில் ஏறக்குறைய 160 நாள். தொடர்ச்சியாக இல்லை, சில வாரம் சில வாரமாகப் பகுதி பிரித்து நடத்துவார்கள். ஒரு பாடசாலை ஆசிரியைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறையோடு கொஞ்சம் லீவு சேர்த்தால் வேலையை விடாமல் ஒப்பேற்றலாம். பாதி வழியிலேயே, வழக்கமாக இரண்டாம் வருடத்துக்குப் பிறகு, கூட்டப் பாடம் நடத்த அனுமதி கிடைக்கும். தனிப்பாடத்துக்கு முழுப் பயிற்சியும் முடிய வேண்டும். செலவு பாரம்தான். மேற்கு நாடுகளில் முழுப் பயிற்சிக்குப் பல ஆயிரம் டொலர் ஆகும், விமானச் சீட்டு வேறு. சேர்வதற்கு முன் அங்கீகாரச் சபையின் ஒப்புதல் அந்தப் பயிற்சிக்கு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வட அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா என்று பிராந்தியத்துக்கு ஒரு சபை இருக்கிறது. ஒப்புதல் இல்லாத இடத்தில் படித்தால் ஃபெல்டன்கிராய்ஸ் என்ற பெயரையே போட்டுக்கொள்ள முடியாது.

அம்மாவைப் பாயில் படுக்கவைத்து, ஒலிப்பதிவில் நான் கேட்டிருந்த 'இடுப்புக் கடிகாரம்' பாடத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். முழங்காலை மடித்துப் படுத்து, இடுப்புக்குப் பின்னால் ஒரு கடிகார முகம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மணி வாலெலும்புப் பக்கம், பன்னிரண்டு மேலே. ஆறிலிருந்து பன்னிரண்டுக்குப் பாரத்தை உருட்ட வேண்டும். "இடுப்பை மெதுவா உருட்டுங்கம்மா" என்றேன். அம்மா, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றும் சாக்குத் துணியான படங்கைக் கட்டும் இடத்தில் கையை வைத்து, "இதையா? இது எங்க உருளும்?" என்றார்.

அவர் கேட்டது சரி. நமக்கு இடுப்பென்றால் படங்கு கட்டும் இடமும் அதுதான், பிள்ளையைத் தூக்கி வைக்கும் இடமும் அதுதான், வலிக்கிற முதுகடியும் அதுதான். கை என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை. உருள வேண்டிய இடுப்பெலும்புக் கூட்டுக்குப் பாடப்புத்தகத்தில் 'கூபகம்' என்று இருக்கிறது, அதை அம்மாவிடம் சொல்லி என்ன பயன்? கடைசியில் "படங்கு முடிச்சுக்குக் கீழ, பாயில அமுங்குது பாருங்க, அந்த எலும்பு" என்றேன். உடனே உருண்டது. பத்து நிமிஷத்தில் மூச்சு வயிற்றுக்கு இறங்கியது. எழும்பி உட்கார்ந்தபோது கழுத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்தார், தோள் கூடவே திரும்பவில்லை.

மூன்று முறைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் தெளிவாகப் புரிந்தது. யோகாவில் ஆசிரியர் செய்துகாட்டுவார், கண் பார்த்துச் செய்யும். அலெக்சாண்டரில் ஆசிரியரின் கை சொல்லிக்கொடுக்கும். ஃபெல்டன்கிராய்ஸ் கூட்டப் பாடத்தில் பொதுவாகச் செய்துகாட்டுவதில்லை, காதால் கேட்டு உடம்பால் தேட வேண்டும். ஆகவே அதற்கு மொழி வேண்டும், அதுவும் மலையில் பேசுகிற மொழி. 800 மணித்தியாலமும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறவருக்கு இங்கே இன்னொரு பங்கு வேலை காத்திருக்கிறது. அந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் யாரும் இல்லை என்பதால்தான் நம் பிள்ளைகள் இதற்குப் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இடவசதியும் இதற்கே சாதகம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஒருவர் காலை நீட்டிப் படுக்க முடிந்தால் போதும். குளிர் ஒரு தொல்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் சீமெந்துத் தரையில் மெல்லிய யோகா பாய் போட்டால் ஐந்து நிமிஷத்தில் முதுகு விறைத்துவிடும். அடியில் இரண்டு சாக்கு, மேலே ஒரு கம்பளி வேண்டும். பெண்கள் ஆண் ஆசிரியர் முன்னால் படுக்கக் கூச்சப்படுவார்கள், அதனால் பெண் ஆசிரியைகள் அதிகம் தேவை.

எதற்குக் காசு கட்டுவதாக இருந்தாலும், அதற்கு முன் பேராதனை ஹிந்தகலவில் உள்ள தம்மகூட விபஸ்ஸனா தியான நிலையத்தில் பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள். கட்டணம் கிடையாது, முடிவில் விரும்பினால் தானம் கொடுக்கலாம். சான்றிதழும் கிடையாது. தலையிலிருந்து கால்வரை உடம்பில் தெரிவதைப் பேசாமல் கவனிப்பதுதான் வேலை. அந்தப் பத்து நாள் பிடிக்காமல் போனால் 800 மணித்தியாலம் உங்களுக்குச் சரிவராது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ஞாயிறு பின்னேரம், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பதினொரு பேருக்கு யோகா வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் இருக்கும் சான்றிதழ் அதற்குத்தான், பலகையிலும் யோகா என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் முதல் இருபது நிமிஷம் ஆசனம் இல்லை, படுத்துக்கொண்டு மெதுவான அசைவுகள் மட்டும். வகுப்புக் காசையும் ஹோட்டலில் சனிக்கிழமை எடுக்கும் இரண்டு வகுப்புக் காசையும் தனிப் புத்தகத்தில் போட்டு வருகிறேன், ஃபெல்டன்கிராய்ஸ் முதல் பகுதிக்கு. விண்ணப்பத்தோடு அனுப்ப, ஏன் இந்தப் பயிற்சிக்கு வர விரும்புகிறேன் என்று இரண்டு பந்தி எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் அம்மாவின் கழுத்தைப் பற்றியவை.