மஞ்சள் கடவையா, கிரவல் ஓரமா?

எங்கள் ஊர் வீதிக்குக் காப்பற் (வழுவழுப்பான தார்க் கலவை மேல்தளம்) போட்டு முடித்த அன்று வெடி கொளுத்தாததுதான் குறை. குன்றும் குழியுமாக இருந்தவரை உருண்டுகொண்டிருந்த டிப்பர்களும் தனியார் பஸ்களும் மறுநாளே பறக்கத் தொடங்கின. கிளிநொச்சி இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர் இது. பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் சைக்கிளில்தான் பாடசாலைக்கு வருகிறார்கள். ஒரே தவணையில் இரண்டு பிள்ளைகள் விழுந்து கையை முறித்துக்கொண்ட பிறகு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்று எல்லோரும் ஒத்துப்போனோம். எதைக் கேட்பது என்பதில்தான் மூன்றாகப் பிரிந்தோம்.

ஒரு பகுதியினர் பாடசாலை வாசலில் மஞ்சள் கடவையும் (நடப்பவர் வீதியைக் கடக்கும் மஞ்சள் கோடுகள்) வேகத்தடையும் கேட்டார்கள். இன்னொரு பகுதியினர் வீதியின் இரு பக்கமும் சைக்கிள் ஓடக்கூடிய கிரவல் (சரளை மண்) ஓரம் வேண்டும் என்றார்கள். மூன்றாமவர்களுக்கு வீதியே வேண்டாம், வாய்க்கால் கரைப் பாதை போதும். நான் கிரவல் ஓரத்தின் ஆள். கடைசியில் கிடைத்ததும் அதுதான் என்பதால் என் சாய்வை மறைக்கப் போவதில்லை.

கடவைக்காரர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம், சாரதி பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் ஒரு செக்கனுக்குள் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடிவிடும். 30இல் வந்தால் 8 மீற்றர்தான். 2020இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடும், நடப்பவரும் வாகனமும் கலக்கும் இடங்களில் 30ஐத்தான் உச்ச வேகமாகக் கேட்டது. வேகத்தடை அதைச் சாரதியின் மனச்சாட்சியிடம் விடாமல் வாகனத்தின் வில்லுத்தகட்டிடம் ஒப்படைக்கிறது. சந்தேகமில்லாமல் நல்ல ஏற்பாடு. ஆனால் அது காப்பது வாசலை மட்டும். எங்கள் பிள்ளைகள் இருவரும் விழுந்தது வாசலில் அல்ல, ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி.

விழுந்த இடத்துக்கு மகளின் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். காப்பற் விளிம்புக்கும் கீழே உள்ள மண்ணுக்கும் இடையே 11 சென்ரிமீற்றர். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்ததும் பிள்ளை மண்ணில் இறங்குகிறது. பஸ் போனதும் திரும்ப ஏறப் பார்க்கிறது. மெல்லிய முன் சில்லு விளிம்பில் ஏறாமல் அதை உரசிக்கொண்டே ஓடுகிறது, கைபிடி திருகுகிறது, சைக்கிள் சரிகிறது. சரிவது மண் பக்கம் அல்ல, வீதிப் பக்கம். அடுத்து ஒரு டிப்பர் வராமல் இருந்தது அந்த இரண்டு வீட்டாரின் புண்ணியம். பழைய தாரின் மேல் காப்பற் ஏற ஏற வீதி உயர்கிறது, ஓரம் அப்படியே கிடக்கிறது. வேலை நடக்கும்போதே நாலு பேர் போய் ஓரத்தையும் உயர்த்தச் சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும், உருளையும் கிரவலும் அங்கேயே நின்றன. நாங்கள் அப்போது காப்பற்றைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இருந்தாலும் என்னை ஒரு பக்கம் தள்ளியது பராமரிப்பு. கடவையின் மஞ்சள் அழியும். இங்கே வயலிலிருந்து ஏறும் உழவு இயந்திரங்கள் சில்லில் சேற்றைச் சுமந்து வந்து வீதியில்தான் கழுவுகின்றன. பக்கத்து ஊர்ப் பாடசாலையின் கடவை இரண்டாவது மாரியிலேயே சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. மறுபடி பூசும் உரிமை வீதிக்குச் சொந்தக்காரருக்கு மட்டுமே. அவர்களுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் காலத்தில்தான் ஆபத்து அதிகம். பிள்ளைக்கு அது கடவை என்று ஞாபகம் இருக்கிறது. சாரதிக்கு அங்கே வெறும் தார்தான் தெரிகிறது. இதற்குக் கடவையே இல்லாமல் இருப்பது மேல் என்று கூட்டத்தில் சொன்னேன், இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

கிரவல் ஓரமும் கெடும், ஆனால் கண்ணுக்குத் தெரிய, கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். அதைத் திருத்த மண்வெட்டியும் ஒரு உழவு இயந்திரப் பெட்டிக் கிரவலும் போதும். அனுமதிக் கடிதத்தை ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டால், மிச்சத்தை ஊரவர் கூடிச் செய்யும் சிரமதானத்தில் முடிக்கலாம். ஓய்வுபெற்ற ஓவசியர் (வீதி வேலை மேற்பார்வையாளர்) ஐயா ஒருவர் எங்களுக்குப் பாடமே நடத்தினார்: "தம்பி, கிரவலைக் கொட்டிப் பரவினால் மட்டும் போதாது. தண்ணீர் அடித்து உருளை ஓட்ட வேண்டும். வீதியிலிருந்து வெளிப்பக்கம் சரிவு இருக்க வேண்டும். தண்ணீர் நின்றாலும் கெடும், ஒரே இடத்தால் ஓடினாலும் கெடும். வழிய வேண்டும்." அவர் சொன்னபடி செய்த பகுதி கார்த்திகை மழைக்கு அசையவில்லை. மதகடியில் அவசரப்பட்டுச் செய்த முப்பது மீற்றர் முதல் மழையிலேயே வாய்க்காலுக்குள் போய்விட்டது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் சேர்ந்து திரும்பப் போட்டோம்.

தொல்லைகளும் உண்டு. நெருஞ்சி முள் ஓரத்தில்தான் படரும், வெட்டாமல் விட்டால் சைக்கிள் ரியூப் ஒட்டும் ஒட்டுக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம். இரவில் கட்டாக்காலி மாடுகள் தார்ச் சூட்டுக்கு வந்து படுப்பதற்குக் கிரவல் எந்த வகையிலும் மருந்தல்ல, அதற்கு வெளிச்சம் வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர்களும் இந்த ஓரத்தைத் தங்களுக்குக் கிடைத்த குறுக்குவழியாக நினைக்கிறார்கள். நாங்கள் இதுவரை ஒரே ஒரு மாரியைத்தான் தாண்டியிருக்கிறோம், ஆகவே ஐந்து வருடக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள்.

வாய்க்கால் கரைப் பாதையில் நான் இரண்டு மாதம் மட்டுமே ஓடிப் பார்த்தேன். மருதமர நிழல், வாகனம் இல்லை, மனதுக்கு இதம். ஆனால் மழைக்குக் களிமண் சில்லைப் பிடித்துக்கொள்கிறது. மாலை வகுப்பு முடிந்து தனியாக வரும் பெண் பிள்ளைக்கு ஆள் நடமாட்டமில்லாத கரை எப்படி இருக்கும் என்பதைத் தாய்மார்கள் சொல்லித்தான் நான் யோசித்தேன். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் வேண்டுமானால் அதைக் கேட்கட்டும்.

கேட்கப் புறப்படுகிறவர்களுக்கு ஒன்று. முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை, சி, டி தரம் மாகாணத்துக்குரியவை, உள் வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபையிடம். ஆள் மாறிக் கொடுத்த எங்கள் முதல் மனு ஒரு மேசையில் மூன்று மாதம் தூங்கியது. இரண்டாவது மனுவில் கண்ணீர்க் கதையைக் குறைத்து, அடிமட்டம் வைத்து எடுத்த ஆறு படங்களை இணைத்தோம். அதைக் கண்டுதான் பொறியியலாளர் ஒருவர் நேரில் வந்தார்.

கடவைக்கான மனுவையும் விட்டுவிடவில்லை, அடுத்த கூட்டத்தில் எடுக்கிறோம். அதற்குமுன் வேறொரு வேலை இருக்கிறது. இந்த மாதம் நெல் வெட்டுத் தொடங்குகிறது. இறுகிச் சமமாகக் கிடக்கும் ஓரத்தைக் கண்டால் படங்கு விரித்து நெல் காயப்போட எவருக்கும் கை துருதுருக்கும். வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லப் போகிறேன். முதல் வீடு மாமியாருடையது.